இரண்டு பக்கமும் சொன்னவர்

திருநாவுக்கரசுக்கு, சுருக்கமாக அரசுக்கு, எல்லாவற்றிலும் கருத்து உண்டு. சாயங்காலமானால் ஏதாவது ஒரு சேனலில் நாலு பேர் சேர்ந்து கத்துவார்கள் அல்லவா, அதில் இடது ஓரக் கட்டத்தில் அவர் இருப்பார். மதுவிலக்கு, மழை, மாமியார் சீரியல், எதுவானாலும் சரி. மத்தியானம் போனில் தலைப்பு வரும். காபி ஆறுவதற்குள் கருத்து தயாராகிவிடும்.

அவருக்கும் ஒரு குரு இருந்தார். ஆற்றங்கரை மடத்துச் சாமி, இவரைவிடப் பத்து வயது இளையவர். முகம் மட்டும் களைத்துப்போன முகம். வருகிறவர்கள் எல்லாரும் பேசிவிட்டே போனால் கேட்கிறவர் வேறு எப்படி இருப்பார்.

அன்று அரசு வந்தபோது மடத்துக் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. தமிழில் பேசும் வெள்ளைக்கார சூப்பர் ஹீரோ ஒருவன், பாலத்திலிருந்து விழும் பஸ்ஸை ஒரு கையால் தாங்கிக்கொண்டிருந்தான். சமையல்காரர் அவரைக்காயை நறுக்க மறந்து பார்த்தார். சாமியும் பார்த்தார்.

அரசுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இந்த மாதிரிப் படங்கள்தான் ஜனங்களைச் சோம்பேறியாக்குகின்றன, யாராவது வந்து காப்பாற்றுவார்கள் என்று உட்கார வைக்கின்றன என்று ஆரம்பித்தார். அங்கிருந்து சீரியல், செல்போன், இளைய தலைமுறை என்று ஒரு சுற்று போய்வந்தார். சமையல்காரர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

"இந்தப் படத்தைப் பார்த்திருக்கீங்களா ஐயா?" என்று கேட்டார் சாமி.

"இல்லை சாமி. பார்த்துட்டா இவ்வளவு பேச வராது."

சொன்னவரே சிரித்தார். வந்த காரியம் ஞாபகம் வந்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

அவருடைய மகள் செம்மலர் போன வாரம் புருஷன் வீட்டிலிருந்து பையோடு வந்துவிட்டாள். நேற்று அப்பாவின் முன்னால் வந்து நின்று, நான் திரும்பிப் போகணுமாப்பா என்று கேட்டிருக்கிறாள். இவரும் பதில் சொன்னார். குடும்ப அமைப்பு, பெண் சுதந்திரம், பொறுமை, இரு தரப்பு நியாயம், ஒன்றையும் விடவில்லை. முடிக்கும்போது பழக்கதோஷத்தில் "நன்றி" என்றும் சொல்லித் தொலைத்தார். அவள் உள்ளே போய்த் துணிகளைப் பையில் எடுத்து வைத்தாள். நாளைக் காலை பஸ்ஸில் கிளம்புகிறாள், அந்த வீட்டுக்கே.

"நான் போன்னு சொல்லலை சாமி. ரெண்டு பக்கமும்தான் சொன்னேன். அதுல என்ன தப்பு?"

"அங்கே என்ன கஷ்டமாம்?"

இந்தக் காலத்துப் பெண்களின் எதிர்பார்ப்புகள் இருக்கின்றனவே என்று அரசு தொடங்கினார். சாமி கையைக் காட்டி நிறுத்தினார்.

"செம்மலருக்கு."

அரசு குரலைத் தாழ்த்திச் சொன்னார். நேற்று அவள் நின்றுகொண்டிருந்தபோது முழங்கைக்கு மேலே கறுப்பாக ஒரு தழும்பு தெரிந்தது. அவர் பார்ப்பதைக் கண்டு துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டாள். அவர் பார்க்கத்தான் செய்தார். அப்போது இரண்டாவது பாயிண்டில் இருந்தார்.

சமையல்காரர் டிவியை நிறுத்திவிட்டு எழுந்து உள்ளே போனார்.

போன் அடித்தது. சேனல்காரர்கள். இன்றைக்கு விவாகரத்து ஏன் பெருகுகிறது என்பது தலைப்பு, ஏழு மணிக்குத் தயாராக இருங்கள் என்றார்கள். அரசு போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். மனுஷன் நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

"இப்பவே வீட்டுக்குப் போறேன் சாமி. போனதும் அவகிட்ட என்ன சொல்லட்டும்?"

சாமி கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு அலுத்துவிட்டது.

"அவ இன்னும் ஒண்ணுமே சொல்லலையே ஐயா."