மியூ இரண்டு முறை செத்த கதை

அந்த நைல் நதி இப்போதும் ஓடுகிறது, நாங்கள்தான் இல்லை. எங்கள் எகிப்தில் பிணத்தைப் பதப்படுத்துகிறவர்கள் மூளையை மூக்கு வழியாக இழுத்து எறிந்துவிடுவார்கள். ஹோரி, பாசெர், நான் ஆகிய மூவர் விஷயத்தில் அவர்களுக்கு அந்த வேலை மிச்சம்.

நாங்கள் தானியக் களஞ்சியத்துக் காவலாளிகள். எலி பிடிக்க மியூ என்றொரு பூனை இருந்தது. உண்மையில் அங்கே வேலை பார்த்தது அது மட்டும்தான்.

களஞ்சிய அதிகாரி மெர்ராவுக்கு நல்ல அடர்ந்த புருவம். தினமும் எண்ணெய் தடவிச் சீவுவார். ஒரு நாள் வெளியூர் கிளம்பும்போது எங்களைக் கூப்பிட்டார்.

"நான் வர்ற வரைக்கும் மியூ மேலேருந்து கண்ணை எடுக்கக் கூடாது. பூனை செத்தா நம்ம நாட்டுல தலை போயிடும், தெரியுமில்ல? எது நடந்தாலும் வழக்கப்படி நடக்கணும்."

நாங்கள் கண்ணை எடுக்கவில்லை. மியூவைச் சுற்றி உட்கார்ந்து இமைக்காமல் பார்த்தோம். கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. மூவரும் ஒரே நேரத்தில் துடைத்துக்கொண்டோம். கையை எடுத்துப் பார்த்தால் பூனையைக் காணோம்.

"செத்துடுச்சு" என்றான் ஹோரி.

"எப்படிடா சொல்றே?"

"மூணு பேரும் அழுதிருக்கோமே. யாரும் சாகாம எதுக்குடா அழப்போறோம்?"

வழக்கத்தையாவது ஒழுங்காகச் செய்து வைத்தால் தலை தப்பலாம் என்று முடிவு செய்தோம். வீட்டுப் பூனை செத்தால் வீட்டிலிருப்பவர்கள் புருவத்தை மழித்துக்கொள்வது வழக்கம். ஒருவருக்கொருவர் மழித்துவிட்டோம். பாசெர் கத்தியை இழுத்த வேகத்தில் எனக்கு நெற்றியும் கொஞ்சம் போயிற்று.

அடுத்து, உடலைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். அப்போதுதான் ஆத்மா திரும்பி வந்து தன் உடலை அடையாளம் கண்டுகொள்ளும். உடலுக்கு எங்கே போவது?

"மியூ எதைத் தின்னு வளந்துது?" என்று கேட்டான் பாசெர்.

"மீனைத்தான்."

"அப்ப அதோட உடம்பு மீனுதானே?"

எங்களில் பாசெர்தான் அறிவாளி. பெரிய மீனாகப் பிடித்து, உப்புப் போட்டு, துணி சுற்றி, பெட்டியில் வைத்தோம். மூடிமேல் இரண்டு காது வரைந்தேன்.

அதிகாரி திரும்பி வந்தார். அவர் காலை உரசிக்கொண்டே மியூவும் வந்தது. எங்கே போயிருந்ததோ, கொழுகொழுவென்று இருந்தது. அப்போதே வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்போம். எங்களுக்கு ஏது அந்தப் பழக்கம்!

"புருவம் எங்கடா? யாரு செத்தது?" என்று கேட்டார் அதிகாரி.

"மியூ போயிடுச்சு ஐயா" என்று நான் கதறினேன்.

"இதோ என் காலடியிலேயே நிக்குதேடா!"

"அது ஆத்மா ஐயா" என்றான் ஹோரி பணிவாக. "உடம்பைத் தேடி வந்திருக்கு."

ஆத்மா மூக்கை நீட்டி மோப்பம் பிடித்தது. நேரே பெட்டிக்குப் போய் மூடியைத் தள்ளி, துணியைப் பிறாண்டியது.

"பாத்தீங்களா, அடையாளம் தெரிஞ்சுடுச்சு!" என்று பாசெர் குதித்தான். அதிகாரியே குனிந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு ஆத்மா உடலைத் தின்ன ஆரம்பித்தது. தலையில் தொடங்கி வாலையும் விடவில்லை. உடம்பே போன பிறகு ஆத்மா எங்கே குடியிருக்கும்? மியூ இந்த முறை அடியோடு செத்துவிட்டது, அதுவும் எங்கள் கண்ணெதிரிலேயே.

"மறுபடியும் மழிக்கணும்" என்று ஹோரி கத்தியை எடுத்தான். என் முகத்தைத் தடவினான். பாசெர் முகத்தைத் தடவினான். மழிக்க ஒன்றும் இல்லை.

"எது நடந்தாலும் வழக்கப்படி நடக்கணும்னு ஐயாவே சொல்லியிருக்காரே" என்றான் பாசெர்.

மூவரும் நிமிர்ந்து அதிகாரியின் முகத்தைப் பார்த்தோம். அவர் கதவுப் பக்கம் நகர்ந்தார். நான் பாய்ந்துபோய் அவர் காலைக் கட்டிக்கொண்டேன்.

"பயப்படாதீங்க ஐயா, தலையெல்லாம் போகாது. நெத்திதான் கொஞ்சம் போகும்."