ராணி கேட்ட நாற்காலி

ஆவுடையப்பனுக்குத் தன் ஆசிரியையைவிட இருபது வயது கூடுதல். முப்பத்தைந்து வருஷம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற கையோடு திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கிய ஆய்வு மாணவராகச் சேர்ந்துவிட்டார். அவருடைய நெறியாளர் பேராசிரியை லில்லி புஷ்பம். பேராசிரியை அவரை 'சார்' என்று கூப்பிடுவார். அவர் பேராசிரியையை 'மேடம்' என்பார்.

அவர் ஆராய்ந்தது நானூறு வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆங்கில நாடகத்தை. ஐரோப்பாவின் மறுமலர்ச்சிக் காலத்தது. எழுதியவர் பெயர் கிடைக்கவில்லை. அதில் ஒரு ராணி. அவள் கணவனைப் போரில் கொன்றவன் அவளுடைய சொந்தத் தம்பி. கடைசிக் காட்சியில் தம்பி அவள் முன்னால் மண்டியிட்டு முப்பத்திரண்டு வரி பேசுகிறான். ராணி பதிலுக்குச் சொல்வது ஒரே ஒரு வரி.

"ஒரு நாற்காலி கொண்டுவாருங்கள்."

அதோடு நாடகம் முடிந்துவிடும்.

இந்த வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று விமர்சகர்களுக்குள் நெடுங்காலமாகச் சண்டை. அவள் அழவில்லை, சபிக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. நாற்காலி கேட்கிறாள். அச்சுப்பிழை என்றார்கள் சிலர். நடிகர் யாரோ நடுவில் சொருகியது என்றார்கள் வேறு சிலர்.

ஆவுடையப்பன் மூன்று வருஷத்தில் சண்டையைத் தீர்த்துவிட்டார். இரண்டாம் அங்கத்தில் ஒரு விருந்து. வயதான விருந்தாளி ஒருவர் உள்ளே வருகிறார். அவருக்கு நாற்காலி போடச் சொல்ல வேண்டிய அந்த இடத்தில் சரியாக ஒரு வரி குறைகிறது, சந்தம் தடுக்குகிறது. அச்சுக் கோத்தவன் அங்கே விட்ட வரியைக் கடைசிப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். அச்செழுத்துகளின் தேய்மானம், காகித மடிப்பு, பக்கத்தின் ஓர அளவு எல்லாவற்றையும் வைத்து நாற்பது பக்கத்தில் இதை நிறுவியிருந்தார். பத்திரத்தில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பிடித்துவிடுகிற கண் அவருக்கு. அவருடைய முடிவு இதுதான்: கடைசிக் காட்சியில் ராணி எதுவும் பேசவில்லை. அந்த வரியை நீக்கிவிட வேண்டும்.

லண்டனிலிருந்து ஒரு பதிப்பாசிரியர் கடிதம்கூட எழுதிவிட்டார். ஆய்வேடு ஏற்கப்பட்டதும் அடுத்த பதிப்பில் வரியை எடுத்துவிடுவோம், அடிக்குறிப்பில் உங்கள் பெயர் வரும் என்று.

சமர்ப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். புதன்கிழமை காலையில் ஆவுடையப்பன் கையெழுத்து வாங்க வந்தார்.

"படிச்சீங்களா மேடம்?"

"ரெண்டு தடவை."

"எங்கேயாவது தப்பு இருக்கா?"

"இல்லை."

"சான்று போதுமா?"

"தாராளமாப் போதும். இவ்வளவு சுத்தமா நான்கூட எழுதினதில்லை."

ஆவுடையப்பன் பேனாவைத் திறந்து நீட்டினார். பேராசிரியை வாங்கவில்லை.

"சார், அந்தக் கடைசிக் காட்சியை எத்தனை தடவை படிச்சிருப்பீங்க?"

"ஆயிரத்துக்குக் குறையாது. மனப்பாடம்."

"யாராவது நடிச்சுப் பாத்திருக்கீங்களா?"

"அதை இப்ப யாரும் மேடையேத்துறதே இல்லையே மேடம்."

"நாம ஏத்திப் பாப்போம். புத்தகத்தை எடுத்துக்கிட்டு வாங்க."

பக்கத்து வகுப்பறை காலியாக இருந்தது. பேராசிரியை இரண்டு பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளினார். ஆவுடையப்பன் வேட்டியை லேசாகத் தூக்கித் தரையைப் பார்த்தார்.

"மண்டி போடணுமா மேடம்? மூட்டு வலி இருக்கு."

"நீங்க ராணி. நின்னாப் போதும்."

சொல்லிவிட்டு அவர் முன்னால் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டார் பேராசிரியை.

ஆவுடையப்பன் பதறிப்போய் ரெண்டடி பின்வாங்கினார்.

"ஐயோ, என்ன மேடம் இது! எந்திரிங்க. யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?"

"ராணியும் அதைத்தான் நினைச்சிருப்பா. பக்கத்தைப் பாருங்க. உங்க வரி கடைசியில வருது."

பேராசிரியை கையில் புத்தகம் இல்லை. நானூறு வருஷத்துக்கு முந்தைய அந்த ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார்.

தம்பி மன்னிப்புக் கேட்கவில்லை. அக்காள் கணவன் என்று தெரிந்தேதான் வாளை இறக்கினேன் என்கிறான். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் கண்டபோது ராத்திரி முழுக்க ஒரு பாட்டுப் பாடினாயே, அதன் இரண்டாவது அடி மறந்துவிட்டது, யாரிடம் போய்க் கேட்பேன் என்கிறான். செத்தவனின் குதிரை லாயத்தில் தீனி எடுக்காமல் நிற்கிறது, என்னைக் கண்டால் மட்டும் தலையைத் திருப்பிக்கொள்கிறது என்கிறான். ஒரு வார்த்தை பேசு, எந்த வார்த்தையானாலும் சரி என்று முடிக்கிறான்.

முதல் பத்து வரிக்கு ஆவுடையப்பன் விரலை வைத்துப் பக்கத்தோடு கூடவே போனார். ஒரு சொல்லைப் பேராசிரியை அழுத்தம் மாற்றிச் சொன்னபோது ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். அதற்கப்புறம் பென்சில் அசையவில்லை.

வகுப்பில் குரலை உயர்த்தாதவர் பேராசிரியை. இப்போதும் உயர்த்தவில்லை. முகத்தை மட்டும் நிமிர்த்தி வைத்திருந்தார். அந்த முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. ஆவுடையப்பனுக்கு ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது. அதே கையால் தோளைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும் போலவும் இருந்தது. கால் நடுங்கியது.

பேச்சு முடிந்தது. இது அவருடைய முறை. அவர் பக்கத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு சேர் கொண்டாங்க" என்றார். தமிழில் வந்தது.

தாழ்வாரம் கூட்டிக்கொண்டிருந்த முத்துப்பேச்சி வாசலில் நின்று வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னிடம்தான் சொல்கிறார் என்று நினைத்துவிட்டாள். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். மண்டியிட்டிருந்தவரைப் பார்த்தாள். நின்றவரைப் பார்த்தாள்.

"யாருக்குங்க சார்?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். கீழே இருந்த முகத்தைப் பார்த்தார். தன்னுடைய கால்களைப் பார்த்தார்.

"தெரியலைம்மா" என்றார்.

முத்துப்பேச்சி நாற்காலியை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துவிட்டுப் போனாள். யாரும் உட்காரவில்லை. பேராசிரியை பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து சேலையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டார்.

அறைக்குத் திரும்பி வந்தபின் ஆவுடையப்பன் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தார்.

"அப்ப என் சான்று?"

"அப்படியே இருக்கு. ஒரு எழுத்துகூடக் குறையலை."

"அந்த வரி அச்சுக் கோத்தவன் கைத்தப்புதானே?"

"இருக்கலாம்."

"இருக்கலாம்னா எப்படி மேடம்? ஒண்ணு, அது ராணியோட வரி. இல்லைன்னா அவ வரியே இல்லை."

"கொஞ்சம் முன்னாடி அதைச் சொன்னது யாரு?"

ஆவுடையப்பன் மேஜையில் இருந்த வெள்ளைத்தாள் ஒன்றை இழுத்துக் கால அவகாசத்துக்கு விண்ணப்பம் எழுதினார். மூன்று மாதம். பத்திரம் எழுதுகிற அதே நேரான கையெழுத்து. காரணம்: முடிவுரை மாற்றி எழுதப்படுகிறது. பேராசிரியை வாசித்துப் பார்த்து, அவருடைய பேனாவையே வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"அந்த நாப்பது பக்கத்தையும் எடுத்துரவா?"

"எதுக்கு? கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்சது. இருக்கட்டும். நீக்கணும்னு சொல்ற அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் பாருங்க."

"லண்டனுக்கு என்ன எழுத?"

"காத்திருக்கச் சொல்லுங்க."

"காத்திருக்க மாட்டாங்க மேடம். அடிக்குறிப்பு போயிரும்."

"போயிரும்."

ஆவுடையப்பன் ஆய்வேட்டின் தாள்களைத் தட்டி அடுக்கினார். பிறகு கயிறு போட்டுக் கட்டிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போனவர் நின்று திரும்பினார்.

"மேடம், அவ தம்பியை மன்னிச்சாளா, இல்லையா?"

பேராசிரியை நிமிர்ந்து பார்த்தார்.

"மூணு வருஷமா வர்றீங்க சார். இந்த நாடகத்தைப் பத்தி நீங்க கேக்கிற முதல் கேள்வி இதுதான்."