கொஞ்சம் போருக்கு என்ன பூ?

முன்னொரு காலத்தில், சண்டைக்கார ராஜ்யங்களுக்குப் பக்கத்தில் சும்மா இருந்த ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என் வீடு தேடி வந்துவிடுவார்கள். அதை ஆண்டவர் உத்தண்டராஜா. நல்லவர்தான். ஆனால் எதைக் கண்டாலும் அதில் கொஞ்சம் ருசி பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. பாகற்காய் என்றாலும் கொஞ்சம், பல்லாங்குழி என்றாலும் கொஞ்சம், வீணை என்றாலும் கொஞ்சம். அவர் வீணை பழகிய வாரம் அரண்மனையில் வேறு யாருக்கும் தூக்கம் வரவில்லை.

அப்போது தெற்கே காவனூர் ராஜாவும் நெடுங்கரை ராஜாவும் ஓர் ஏரிக்காக மூன்று வருஷமாகப் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். உத்தண்டராஜா தினமும் மலைமேல் ஏறி, தூரத்தில் எழும் புழுதியைப் பார்த்துவிட்டு வருவார். ஒருநாள் காவனூர் தூதன் வந்து உதவி கேட்டான். ராஜாவுக்கு நாக்கில் நீர் ஊறிவிட்டது.

"நமக்கும் கொஞ்சம் போர் வேண்டும்," என்றார் சபையில்.

படைத்தலைவரான தளவாய் கொழுந்தப்பர் இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். "முப்பது யானைகளைக் காட்டுவழியாக அனுப்புவோம், பிரபு. காவனூரான் வென்றால் ஏரியில் நமக்கும் பங்கு. தோற்றால் நமக்கு ஒன்றும் தெரியாது."

ஓரத்தில் நின்றிருந்த விகடகவி சடையாண்டி மெல்லக் கேட்டான். "நாம் காவனூருக்கு யானை கொடுத்தால், நெடுங்கரைக்கு யார் கொடுப்பார்கள், மகாராஜா?"

நெடுங்கரை ராஜாவின் மாப்பிள்ளை யார் என்று எல்லோருக்கும் தெரியும். வடக்கே இருந்த பேரரசர். அவர் யானைகள் ஆற்றில் இறங்கினால் கீழே இருக்கிற ஊர்களுக்கு மூன்று நாள் கலங்கல் தண்ணீர்தான்.

"யாருக்கும் தெரியாமல் செய்தால் யார் வரப்போகிறார்கள்?" என்றார் தளவாய்.

ஆஸ்தானப் புலவர் அனந்தகோடி தொண்டையைச் செருமினார். "பிரபு, பூச் சூடாமல் போரில் இறங்குவது மரபல்ல. ஆநிரை கவர வெட்சி, மீட்கக் கரந்தை, மண்ணைப் பிடிக்க வஞ்சி, கோட்டையை வளைக்க உழிஞை, காக்க நொச்சி, நேருக்கு நேர் மோதத் தும்பை, வென்றால் வாகை."

"அடுத்தவன் போருக்குப் பின்னால் நின்று கொடுக்கிறவன் எந்தப் பூவைச் சூடுவான்?" என்று ராஜா ஆவலோடு கேட்டார்.

புலவர் படித்த ஓலையில் அப்படியொரு பூ இல்லை. தெரியாது என்று சொல்வதைவிட அவர் தம் நாக்கையே அறுத்துக்கொள்வார். சுற்றிலும் பார்த்தவரின் கண்ணில் சடையாண்டி பட்டான். "அத்தி பூத்தாற்போல இன்று நம் சடையாண்டி ஒரே கேள்வியோடு வாயை மூடிவிட்டான். எல்லாம் தெரிந்தவனாயிற்றே. அவனே கொண்டுவரட்டும்."

"நல்லது," என்றார் ராஜா. "சடையாண்டி, அந்தப் பூவைச் சூடினால் நான் போரில் இருக்கிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டும். பார்க்கிறவன் கண்ணுக்குப் பூ தெரியக் கூடாது. மூன்று நாள் தருகிறேன்."

"கொண்டுவராவிட்டால் யானைகளை அவனே நடத்திக்கொண்டு போகட்டும், பிரபு," என்று தளவாயும் சேர்த்துச் சொன்னார். எருமை எதிரே வந்தாலே அடுத்த தெரு வழியாகப் போகிறவன் சடையாண்டி. சபை வயிறு வலிக்கச் சிரித்தது.

சிரிக்காதவன் சடையாண்டி மட்டும்தான். போகப்போவது தானாக இருக்கலாம் என்பதால், நேராக யானைக் கொட்டாரத்துக்குப் போய்ப் பாகன் மாதனை விசாரித்தான்.

"யானைய ஒப்படைச்சுட்டு ஒரே நாள்ல திரும்பிடலாம்னு தளவாய் சொல்றாரே, மாதா?"

மாதன் யானையின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே சொன்னான். "ஒப்படைக்க இதென்ன ஆட்டுக்குட்டியா, சாமி? எஞ்சத்தம் கேட்டாத்தான் இது காலத் தூக்கும். இது அங்க நின்னா நானும் அங்கதான். எனக்குக் காவலுக்கு நாலு பேரு வேணும். அவங்களுக்குச் சோறு பொங்க ரெண்டு பேரு. அதுல ஒருத்தன் செத்தா, பழி வாங்க ஊரே கெளம்பும்." கொஞ்சம் நிறுத்தி, "இத எங்கள யாரும் கேக்கல, சாமி," என்றான்.

சடையாண்டி திரும்பி வரும் வழியில், மைதானத்து வேப்பமரத்தடியில் வடதேசத்துக் குதிரை வியாபாரி ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். மறுநாளும் பார்த்தான். அதற்கு மறுநாளும் பார்த்தான்.

கெடு முடிந்த காலையில் முப்பது யானைகளும் மைதானத்தில் வரிசையாக நின்றன. ராஜா மேடையில் வீற்றிருந்தார். சடையாண்டி ஒரு தட்டை ஏந்தி வந்தான். தட்டில் கனிந்த அத்திப்பழங்களைக் கோத்த மாலை.

புலவர் கொக்கரித்தார். "பழத்தைக் கொண்டுவந்து பூ என்கிறானே."

"பூக்காமல் எது காய்த்தது, புலவரே? அத்தியும் பூத்திருக்கிறது. இந்தச் சபையில் அந்தப் பூவைக் கண்ணால் கண்டவர் யாராவது உண்டா?"

சடையாண்டி தட்டை மேடைப் பக்கம் நீட்டினான்.

"பூ உள்ளே இருக்கிறது, பார்க்கிறவனுக்குத் தெரியாது. மகாராஜா கேட்டது இதைத்தான்."

ராஜாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "யானைகள் புறப்படட்டும்," என்று கையை உயர்த்தினார்.

உயர்த்திய கைக்கு அடியில் ஒரு குட்டிக் குரங்கு வந்து, ஒரு பழத்தைப் பிய்த்தது. பக்கத்துக் கோயில் கோபுரத்துக் குரங்கு.

"கொஞ்சம் தின்னட்டும்," என்று ராஜா சிரித்தார்.

இன்னும் இரண்டு வந்தன. தளவாய் ஒன்றைப் பிரம்பால் தட்டினார். அது வீல் என்று கத்தியதும், கோபுரத்திலிருந்த கூட்டம் முழுவதும் இறங்கியது. இதைப் பார்த்த சந்தைக் குரங்குகளுக்குப் பொறுக்குமா? கோபுரத்துக் கூட்டத்துக்கும் சந்தைக் கூட்டத்துக்கும் தலைமுறைப் பகை. அவையும் கூரை கூரையாகத் தாவி வந்து சேர்ந்தன. மேடைமேல், ராஜாவின் தோள்மேல், சண்டை மூண்டது. மாலை அறுந்தது. பட்டு அங்கவஸ்திரம் கிழிந்தது. கிரீடத்தை ஒரு கிழட்டுக் குரங்கு தூக்கிக்கொண்டு கோபுர உச்சிக்குப் போய்விட்டது.

இந்த அமளியில் யானைகள் மிரண்டன. வரிசை கலைந்து மேடைப் பக்கம் திரும்பின. "நில், நில்," என்று தளவாய் தொண்டை கிழியக் கத்தினார். ஒரு யானைகூட அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பிறகு முப்பது பாகன்களும் ஆளுக்கு ஒரு குரல் கொடுத்தார்கள். ஒவ்வொரு யானையும் தன் பாகன் குரலைக் கேட்டதும் நின்றது. மாதனின் யானை நின்ற இடத்துக்கும் மேடைக்கும் நடுவே நாலு முழம்தான் இருந்தது.

தலைவிரிகோலமாக நின்ற ராஜாவின் முகம் சிவந்திருந்தது. "சடையாண்டி, இந்தக் குரங்குகளை அழைத்தது யார்?"

சடையாண்டி கைகூப்பினான். "யாரும் அழைக்கவில்லை, மகாராஜா. தாங்கள் ஒரு குட்டிக்குத்தான் கொடுத்தீர்கள். மற்றவை தாமாக வந்தன. கொஞ்சம் என்பது எவ்வளவு என்று தங்களுக்குத் தெரியும். அவற்றுக்குத் தெரியவில்லை."

"தளவாய் சொல்லுக்கு யானைகள் ஏன் நிற்கவில்லை?"

"காவனூரான் சொல்லுக்கும் நிற்காது, மகாராஜா. யானை போனால் பாகனும் அங்கேயே இருக்க வேண்டும். பாகனுக்காகப் படை போகும். படைக்காகத் தாங்களே போவீர்கள்."

ராஜா காலடியில் கிடந்த ஒரு பழத்தை எடுத்துப் பிட்டுப் பார்த்தார். உள்ளே நெளிந்த புழுக்களை உற்றுப் பார்த்தார். "பூவை யாரும் பார்க்க முடியாது என்றாயே," என்றார், கோபம் இறங்கிய குரலில்.

"பூவை மறைத்துவிட்டேன், மகாராஜா. பழத்தின் வாசனையை மறைக்க எனக்கு வழி தெரியவில்லை." சடையாண்டி வேப்பமரத்தைக் காட்டினான். "பேரரசரின் வடதேசத்திலிருந்து வந்த அந்தக் குதிரை வியாபாரி மூன்று நாளாக அங்கேயே இருக்கிறார். இதுவரை ஒரு குதிரையும் விற்கவில்லை. யானைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்."

ராஜா மரத்தடியைப் பார்த்தார். வியாபாரி அவசர அவசரமாக ஒரு குதிரையின் பல்லைச் சோதிக்கத் தொடங்கினார். அதைக் கண்டு முதலில் ராஜாவின் வயிறு குலுங்கியது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு மைதானமே அதிரச் சிரித்தார்.

"யானைகள் கொட்டாரத்துக்குப் போகட்டும்," என்றார். மாதன் தன் யானையின் காதில் என்ன சொன்னானோ, அதுதான் முதலில் திரும்பி நடந்தது.

"தளவாயே, உமக்கும் போர் ஆசை இருக்கிறதே. கோபுரத்தில் ஏறி என் கிரீடத்தை மீட்டு வாரும். புலவரே, மீட்கப் போகிறவருக்கு என்ன பூ?"

"கரந்தை, பிரபு," என்றார் புலவர் தரையைப் பார்த்தபடி.

"நீரே பறித்து அவர் தலையில் சூடிவிடும்."

காவனூர் தூதனிடம் கொடுத்தனுப்ப ராஜாவிடம் அன்று ஒரே ஒரு பதில்தான் இருந்தது. ஏரியைப் பங்கு போட இரண்டு பேரும் உட்கார்ந்தால், பந்தலும் விருந்தும் தம் செலவு என்றார்.

அன்று மாலைக்குள் அந்த வியாபாரி ஒரே ஒரு குதிரையை விற்றுவிட்டு வடக்கே கிளம்பினார். வாங்கியவர் உத்தண்டராஜா. தம் கழுத்து முத்துமாலையோடு சேர்த்து அதையும் சடையாண்டிக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார். அவன் குதிரையின் கயிற்றை எட்ட நின்று பிடித்துக்கொண்டு, வீடு வரைக்கும் அதற்கு வழிவிட்டு நடந்தே போனான்.