பெனால்டி நேரத்தில் திரும்பி நிற்பவர்

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடி கிடையாது. ஆசிரமமும் கிடையாது. கழுத்தில் ஒரு விசில், வாயில் மெல்லுவதற்கு ஒரு அதிமதுரக் குச்சி, அவ்வளவுதான் அவருடைய கோலம். பெயர் ஆத்தீலியோ கொரெந்தி. இத்தாலியின் கிழக்குக் கரையில் போர்த்தவெரா என்ற சின்னத் துறைமுக ஊர். அந்த ஊர்க் கால்பந்து அணிக்கு மேனேஜர்.

அதற்கு முன்னால் அதே அணியின் ஸ்ட்ரைக்கர். கோல் அடிப்பது ஒன்றே வேலை என்று பதினேழு வருஷம் ஓடினார். நூற்று எண்பத்தேழு கோல். அந்த ஊரில் முடிவெட்டும் கடைக்குப் போனால் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு புனிதர் படமும் ஆத்தீலியோ படமும் மாட்டியிருக்கும். எது பெரிய படம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முப்பத்தைந்து வயதில் முழங்கால் போயிற்று. வெளியூர் போய் மேனேஜர் ஆனார். ஒன்பது வருஷத்தில் நாலு ஊர். நாலு ஊரிலும் வேலையை விட்டு அனுப்பினார்கள். ஓர் ஊரில் அணியின் பஸ் மேல் தக்காளி எறிந்தார்கள். கடைசியில் சொந்த ஊர் கூப்பிட்டது. நான்காம் டிவிஷனில் கிடந்த அணியை அவர் மூன்றாம் டிவிஷனுக்கு ஏற்றினார். இப்போது ஊருக்கு இரண்டாம் டிவிஷன் மேல் கண்.

அவரிடம் ஒரு விசித்திரப் பழக்கம் இருந்தது. தன் அணிக்குப் பெனால்டி கிடைத்தால் மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பந்தைப் பார்க்கும். அவர் மட்டும் கோலுக்கு முதுகைக் காட்டி, மாற்று ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சைப் பார்த்து நிற்பார். ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பயம் என்றார்கள், வேண்டுதல் என்றார்கள். மனைவியின் உத்தரவு என்றும் ஒரு கட்சி இருந்தது. அவர் எதையும் மறுக்கவில்லை.

சீடன் பெயர் நேவியோ சலாந்த்ரா. வயது முப்பத்து நாலு. அவனும் ஸ்ட்ரைக்கர்தான், நூற்றுப் பன்னிரண்டு கோல் அடித்தவன். அடுத்த ஆத்தீலியோ இவன்தான் என்று ஊர் சொல்லிக்கொண்டே இருந்தது. அதை அவனும் நம்பினான். நம்பாமல் இருக்க அவன் என்ன சாமியாரா?

ஆகஸ்ட் மாதம் அவன் பயிற்சியாளர் தேர்வை எழுதி முடித்து, சான்றிதழோடு குருவிடம் வந்தான். அந்த நாட்டில் ஆட்டக்காரர்கள் மேனேஜரைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள், 'மிஸ்டர்' என்பார்கள்.

"மிஸ்டர், இது என் கடைசி சீசன். கிளப்புக்கு உதவி மேனேஜர் வேணும்னு பேச்சு இருக்கு. உங்க பக்கத்துல நிக்க எனக்குத் தகுதி இருக்கா?"

ஆத்தீலியோ சான்றிதழை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். வகுப்பிலேயே முதலிடம்.

"இன்னும் இல்ல."

"என்ன குறை?"

"மே மாசம் சொல்றேன்."

மே மாதம் சீசன் முடியும். அதற்குள் இவர் சரி என்று சொல்லாவிட்டால் நேவியோவுக்கு வேறு வழி மைத்துனரின் டயர் கடைதான். கால்பந்தை விட்டால் அவனுக்கு எதுவும் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் தலையில் இடி விழுந்தது. முதல் பதினொரு பேரில் அவன் பெயர் இல்லை. அவன் இடத்தில் எலியா என்று தெற்கிலிருந்து வந்த இருபத்து மூன்று வயது ஸ்ட்ரைக்கர். பெனால்டி அடிக்கும் உரிமையும் எலியாவுக்கே என்று ஆத்தீலியோ அறிவித்துவிட்டார். நேவியோ பத்து வருஷமாகத் தன் சொத்து என்று நினைத்திருந்த உரிமை அது.

அக்டோபரில் எலியா முதல் பெனால்டியை அடித்தான். கோல். பெஞ்சில் எல்லோரும் துள்ளி எழுந்தார்கள். நேவியோ உட்கார்ந்தபடியே இரண்டு தடவை கை தட்டினான். நிமிர்ந்தபோது ஆத்தீலியோ வழக்கம்போல் இந்தப் பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் பயிற்சி முடிந்ததும் அவன் அவரிடம் நேராகவே கேட்டான், பெனால்டி நேரத்தில் ஏன் திரும்பி நிற்கிறீர்கள் என்று.

"கோல் போஸ்ட்டைப் பதினேழு வருஷம் பாத்துட்டேன். அலுத்துப்போச்சு," என்றார் அவர்.

கேலி செய்கிறார் என்று நினைத்து அவன் போய்விட்டான்.

ஜனவரியில் மலையூர் ஒன்றில் ஆட்டம். குளிரில் பெஞ்சே உறைந்து கிடந்தது. மீண்டும் எலியாவுக்குப் பெனால்டி. இந்த முறை பந்து கம்பத்துக்கு வெளியே போயிற்று. பெஞ்சில் எல்லோரும் தலையில் கை வைத்தார்கள்.

நேவியோவின் வாயோரம் லேசாக மேலே ஏறியது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. நான் அடித்திருந்தால் இது கோலாகியிருக்கும் என்ற நினைப்பு தானாக வந்தது, கூடவே அந்தச் சிரிப்பும் வந்துவிட்டது. சட்டென்று உணர்ந்து முகத்தை நேராக்கிக்கொண்டு நிமிர்ந்தான். நாலடி தூரத்தில் ஆத்தீலியோ நின்றார். அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அணி ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது. திரும்பும் வழியில் நெடுஞ்சாலைக் கடை ஒன்றில் காபிக்கு பஸ் நின்றது. எல்லோரும் உள்ளே போனார்கள். நேவியோ வெளியிலேயே நின்றான். காது மடல் வரை அவனுக்குச் சுட்டது, குளிருக்குச் சம்பந்தமில்லாமல். ஆத்தீலியோ இரண்டு காபியோடு வந்து ஒன்றை அவனிடம் நீட்டினார்.

"பாத்துட்டீங்க," என்றான் அவன்.

"பாத்தேன்."

"வெக்கமா இருக்கு, மிஸ்டர்."

ஆத்தீலியோ காபியைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்.

"முப்பத்து நாலு வயசுல நானும் அந்த பெஞ்ச்லதான் உக்காந்திருந்தேன். என் இடத்துல ஒருத்தன் ஆடினான். அவன் பெனால்டியைக் கோட்டைவிட்டப்ப நானும் இதே மாதிரி சிரிச்சேன். மேனேஜர் பந்தைப் பாத்துக்கிட்டிருந்தாரு. யாரும் என்னைத் திரும்பிப் பாக்கல."

"அப்புறம்?"

"அதே சிரிப்போட போய் நானும் மேனேஜர் ஆனேன். நாலு ஊர்ல வேலை போச்சு."

தாள் கோப்பையை நசுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

அடுத்த நாள் பயிற்சி முடிந்ததும் நேவியோ ஒரு காரியம் செய்தான். கோல்கீப்பரிடம் கையுறையைக் கேட்டு வாங்கினான். எலியாவைக் கூப்பிட்டு, நீ அடி, நான் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு கோல் போஸ்ட்டுக்குள் போய் நின்றான். நூற்றுப் பன்னிரண்டு கோல் அடித்த கால் கோலைத் தடுக்க நிற்பதை மற்றவர்கள் நம்பமுடியாமல் பார்த்தார்கள். எலியாவுக்குமே கொஞ்சம் சந்தேகம்தான், கிழவன் தன்னைக் கிண்டல் செய்கிறானோ என்று.

முதல் வாரம் நேவியோ உதவி மேனேஜர் பொறுப்புக்காகத்தான் நின்றான். இதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டாவது வாரம் அவன் ஒன்றைக் கண்டுபிடித்தான். வலப்பக்கம் அடிக்கப்போகும்போதெல்லாம் எலியாவின் இடத் தோள் ஒரு விரற்கடை இறங்குகிறது. எதிரணிக் கோல்கீப்பருக்கு அது போதும். பத்து வருஷம் பெனால்டி அடித்தவனுக்கு, அடிப்பவன் முகத்தை எதிரிலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. அந்த முகத்தில் எவ்வளவு பயம் இருந்தது என்பதையும் அப்போதுதான் பார்த்தான்.

அதன்பிறகு பொறுப்பு என்ற பேச்சே இல்லை. தினமும் அறுபது பெனால்டி. நேவியோவுக்கு இரண்டு விரல் வீங்கிப்போயிற்று. எலியாவின் தோள் நேரானது. பிப்ரவரியிலிருந்து அவன் ஐந்து பெனால்டி அடித்தான், ஐந்தும் கோல். கடைசி கோலுக்கு நேவியோ பெஞ்சிலிருந்து குதித்ததில் தண்ணீர் பாட்டில் பெட்டியே கவிழ்ந்தது. ஆத்தீலியோ குனிந்து பாட்டில்களை எடுத்து அடுக்கினார்.

மே மாதம் வந்தது. கடைசி ஆட்டம், சொந்த மைதானம். ஜெயித்தால் இரண்டாம் டிவிஷன். டிரா ஆனாலும் அடுத்த வருஷமும் மூன்றாம் டிவிஷன்தான். எட்டாயிரம் பேர் உட்கார இடமுள்ள மைதானத்தில் ஓர் இருக்கை காலியில்லை. ஒன்றுக்கொன்று என்று ஆட்டம் இழுத்துக்கொண்டிருந்தபோது, எண்பத்தெட்டாவது நிமிஷத்தில் போர்த்தவெராவுக்குப் பெனால்டி கிடைத்தது.

கூட்டம் ஒரே குரலில் நேவியோ, நேவியோ என்று கூப்பிட ஆரம்பித்தது. ஓர் ஆளை மாற்றும் வாய்ப்பு இன்னும் மிச்சமிருந்தது. கிளப் தலைவர், மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலை வைத்திருப்பவர், மேலேயிருந்து ஆளனுப்பிச் சொன்னார், நேவியோவை இறக்கு என்று.

ஆத்தீலியோ நேவியோவின் முன்னால் வந்து நின்றார்.

"போறியா?"

கடைசி சீசன், கடைசி ஆட்டம், வாழ்நாள் முழுக்க ஊர் பேசும் ஒரே ஓர் உதை. அவனுக்கு ஆசை இல்லாமல் இல்லை.

"தினம் அறுபது அடிச்சவன் எலியா, மிஸ்டர். அவன் பந்தை வெச்சாச்சு. இப்ப நான் போனா அவன் இனிமே எந்த பெனால்டியும் அடிக்க மாட்டான். அவனே அடிக்கட்டும்."

ஆத்தீலியோ தலையசைத்தார். போகவில்லை. மைதானத்துக்கு முதுகைக் காட்டி அங்கேயே நின்றார்.

நடுவர் விசில் ஊதினார். எட்டாயிரம் பேரும் அமைதியானார்கள். நேவியோவின் உதடு அசைந்தது. நேர் தோள், நேர் தோள் என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தான். வீங்கிய விரல்களை மடக்கிப் பிடித்திருந்தான். பந்தை உதைத்த சத்தம் கேட்டது.

நேவியோவின் முகம் அப்படியே வாடிப்போயிற்று. தன் வீட்டுப் பிள்ளை தடுக்கி விழுந்ததைப் பார்த்தவன் முகம் அது. கூட்டத்தின் முனகல் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆத்தீலியோவுக்கு அது தேவைப்படவில்லை.

ஆட்டம் டிராவில் முடிந்தது. எலியா மைதானத்தின் நடுவில் புல்லைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான். எல்லோருக்கும் முன்னால் அவனிடம் ஓடியவன் நேவியோ. கையைப் பிடித்து எழுப்பினான். கூட்டம் சீழ்க்கை அடித்துத் திட்டிக்கொண்டிருந்த பக்கமாகத் தான் நடந்து, எலியாவை உள்பக்கம் நடக்கவைத்து அழைத்துவந்தான். நேவியோவைப் பார்த்ததும் கூட்டம் அடங்கிவிட்டது என்று சொல்ல எனக்கு ஆசைதான். அடங்கவில்லை. யாரோ எறிந்த தண்ணீர் பாட்டில் அவன் முதுகில் பட்டது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கிளப் தலைவர் மூச்சு வாங்க இறங்கி வந்தார். ஆத்தீலியோ சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இரண்டாம் டிவிஷன் கைநழுவிப் போச்சு. உங்களுக்கு என்ன சிரிப்பு?"

"உதவி மேனேஜர் வேணும்னு கேட்டீங்களே தலைவரே. ஆள் கிடைச்சாச்சு."

உடை மாற்றும் அறையில் மற்றவர்கள் போனபிறகு நேவியோ மட்டும் இருந்தான். ஆத்தீலியோ வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எலியா மேல தப்பு இல்ல, மிஸ்டர். தோள் நேராத்தான் இருந்துது. கோல்கீப்பர் குருட்டாம்போக்குல அந்தப் பக்கம் பாஞ்சுட்டான். நீங்க பாத்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

"நான் பாக்கல."

"தெரியும். என்னைப் பாத்துக்கிட்டிருந்தீங்க."

"ஆமா. பெருமையா இருந்துது."

நூற்று எண்பத்தேழு கோல் அடித்தவர், அதில் ஒன்றைப் பற்றிக்கூட அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. நேவியோவுக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து ஷூ நாடாவை அவிழ்ப்பதுபோல் பாவனை செய்தான்.

"அடுத்த சீசன்ல நமக்குப் பெனால்டி கிடைச்சா, நீயும் என் பக்கத்துல திரும்பி நில்லு," என்றார் ஆத்தீலியோ.

அவன் நிமிர்ந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அப்ப பந்தை யாரு பாக்கறது, மிஸ்டர்?"

"அதுக்கு எட்டாயிரம் பேர் டிக்கெட் வாங்கியிருக்காங்க."