முதலில் இருமியவன்

ஒரு பையனுடைய தொண்டையில் ஒரு இருமல் குடியிருந்தது. பையன் பெயர் மெய்யரசு, பதினோராம் வகுப்பு. இருமலுக்குப் பெயர் கிடையாது. அதற்கெல்லாம் யார் உட்கார்ந்து பெயர் வைப்பார்கள்? அவன் பிறந்த அன்றைக்கே வந்துவிட்ட பழைய குடித்தனம் அது. வேலை, காவல் வேலை. சோற்றுப் பருக்கை ஒன்று வழி தவறி மூச்சுக்குழாய்ப் பக்கம் எட்டிப் பார்த்தால் போதும், எழுந்து ஒரே தள்ளு, வெளியே அனுப்பிவிடும். உடனே மெய்யரசுவின் அம்மா அவன் உச்சந்தலையில் தட்டி, "யாரோ உன்னை நினைக்கிறாங்கடா" என்பார்.

"பாத்தியா அநியாயத்தை! உசுரைக் காப்பாத்துறது நானு, பேரு வாங்குறது எவனோ!" என்று இருமல் பக்கத்தில் தொங்கும் உள்நாக்கிடம் புலம்பும். புலம்பினாலும் உள்ளூரப் பெருமைதான்.

மெய்யரசுக்கு மீசை அரும்பிய வருடம், தொண்டைக்குப் புதுக் குடித்தனம் ஒன்று வந்தது. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, நேராக வாசலில் போய்க் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது.

"யாருப்பா நீ?" என்று கேட்டது இருமல்.

"என்னைத் தெரியல? கெத்து! இனிமே இந்த வாசல் என் பொறுப்பு. எது வெளியே போறதுன்னாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் போகணும்."

வந்த வேகத்தில் கெத்து முதலில் அழுகையை நிறுத்தியது. அடுத்து, "புரியல சார்" என்ற வார்த்தையை நிறுத்தியது. இருமல் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. நம்முடையது உயிர் காக்கிற வேலை, இதில் யார் கை வைக்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டது. அங்கேதான் ஏமாந்தது.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பாதி கட்டி நின்றுபோன கல்யாண மண்டபத்தில் மெய்யரசுவும் அவன் கூட்டாளிகள் ஜெரால்டும் யாசரும் உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று தொண்டைக்குள் குபுகுபுவென்று புகை இறங்கியது.

"ஐயையோ, தீ!" என்று துள்ளி எழுந்தது இருமல். வாசலில் கெத்து இரண்டு கையையும் விரித்து மறித்தது.

"எங்கே ஓடுறே?"

"வீடு எரியுதுப்பா! தள்ளு!"

"வீடும் எரியல, ஒண்ணும் எரியல. சிகரெட்டு. இப்ப நீ வெளியே போனே, நம்ம மானம் கப்பலேறிடும். அங்க பாரு, ஜெரால்டு தண்ணி குடிக்கிற மாதிரி இழுக்கிறான். யாசர் கண்ணை மூடி ரசிக்கிறான். நாம மட்டும் லொக்கு லொக்குன்னு இருமினா, நாளைக்கு மொத்த வகுப்பும் சிரிக்கும்."

மெய்யரசு எச்சிலைக் கூட்டி ஒரே மடக்காக விழுங்கினான். இருமலும் அதோடு சேர்ந்து உள்ளே போனது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"என்னடா?" என்றான் ஜெரால்டு.

"தூசி."

"ஆமாடா, எனக்கும் தூசிதான்" என்றான் ஜெரால்டு.

மண்டபத்தில் அன்றைக்குத் தூசியே இல்லை. மத்தியானம்தான் மழை பெய்து ஓய்ந்திருந்தது.

இப்படியே தினமும் ஒரு சிகரெட், ஆளுக்கு நாலு இழுப்பு. தினமும் இருமல் ஓடும், கெத்து மறிக்கும், பையன் விழுங்குவான். முதல் வாரம் இருமல் முட்டி மோதிப் பார்த்தது. இரண்டாம் வாரம் திட்டிப் பார்த்தது. மூன்றாம் வாரம் புகை இறங்கியபோது, "வந்தா வரட்டும் போ" என்று புரண்டு படுத்தது. படுத்த பிறகுதான் அதற்குத் தூக்கிவாரிப் போட்டது. புகையைப் பார்த்துச் சோம்பல் வருகிறதா, எனக்கா?

மறுநாள் காலை இறைவணக்கக் கூட்டத்தில் இரண்டு நிமிட மௌனம். எல்லாரும் கண்ணை மூடினார்கள். யாரும் பார்க்காத இடத்தில் கெத்துக்கு என்ன வேலை? அது அசந்து தூங்கிவிட்டது. இருமல் மெதுவாகத் தலையை நீட்டியது.

"லொக்." அதாவது, யாராவது இருக்கீங்களா?

"லொக் லொக்" என்று பக்கத்து வரிசையிலிருந்து பதில் வந்தது. "இருக்கேன். யாசர் தொண்டைக்காரன். நீ மெய்யரசு வீடுதானே?"

"ஆமாப்பா. உனக்கென்ன, உங்க ஆளு கண்ணை மூடி ரசிக்கிறானாமே!"

"ரசிக்கிறானா? எரிச்சல் தாங்காம கண்ணை மூடுறான்! உங்க ஆளுதான் ஆசை ஆசையா இழுக்கிறான்னு எங்க வீட்டுக் கெத்து சொல்லுது."

"எங்க ஆளா? விழுங்கி விழுங்கி எனக்கு இடுப்பே போச்சு!"

"லொக்!" என்று குறுக்கே வந்தது மூன்றாவது. "ஜெரால்டு வீட்டுலயும் இதே கதைதான். கடைக்குப் போறப்பல்லாம் யாராவது பாக்குறாங்களான்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போறான்."

யாசருடைய இருமல் குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"பன்னண்டாம் வகுப்பு லோகு அண்ணன் தெரியுமில்ல? அவன் தொண்டையில இருந்தவனும் நம்ம மாதிரிதான் இருந்தான். போன வருஷம் பூரா லோகு அவனை விழுங்கிட்டே இருந்தான். இப்ப எத்தனை தடவை கூப்பிட்டாலும் பதில் இல்லை. புகை பாட்டுக்கு மாப்பிள்ளை மாதிரி வந்து போயிட்டு இருக்கு."

"முதல்ல அவனுக்கு என்ன ஆச்சு?"

"புகை வந்தப்ப ஒருநாள் சோம்பலா இருக்குன்னு படுத்தான். அவ்வளவுதான்."

மெய்யரசுவின் இருமலுக்கு, நேற்றுத் தான் புரண்டு படுத்தது ஞாபகம் வந்தது. "டேய், யாராவது ஒருத்தர் முதல்ல வெளியே வந்துட்டா போதும். மத்த ரெண்டு பேரும் பின்னாடியே வந்துடலாம்."

"சூப்பர்! அப்ப நீ முதல்ல வா."

"நானா? எங்க வீட்டுக் கெத்து பொல்லாதது. நீ வா."

"ஐயோ, ஜெரால்டு வீட்டுக்காரன் வரட்டும்."

பையன்களின் தொண்டையில் வளர்ந்தவை, பின்னே எப்படி இருக்கும்?

"எவன்டா அங்க வரிசையா இருமுறது?" என்று பி.டி. சார் அதட்டினார். கெத்துகள் விழித்துக்கொண்டன. கதவுகள் சாத்திக்கொண்டன.

அன்று சாயங்காலம் மண்டபத்தில் மழைக்கு ஒதுங்கிய வெள்ளாடு ஒன்று படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. யாசர் புகையை வளையமாக விடுகிறேன் பார் என்று உதட்டைக் குவித்தான். வளையமாவது ஒன்றாவது! புகை மொத்தமும் ஆட்டின் மூஞ்சியில் போய் அப்பியது.

"கருமம், கருமம்!" என்றது ஆடு. "ப்ர்ர்ர்ச்!" என்று ஒரு தும்மல். அடுத்து இன்னொன்று. மூக்கைச் சுவரில் தேய்த்தது, மூன்று பேரையும் ஒரு முறை முறைத்தது, மழை பெய்தாலும் பரவாயில்லை என்று வெளியே நடந்தது. ஆட்டுக்கு ஏது கெத்து?

மெய்யரசுக்குச் சிரிப்பு பீறிட்டது. கெத்து எல்லாவற்றையும் மறிக்கும், ஆனால் திடுமென்று வரும் சிரிப்பை மட்டும் அதனால் மறிக்க முடியாது. கதவு படாரென்று திறந்தது. இருமல் ஒரு நொடி தயங்கியது. சோம்பல் காலைப் பிடித்து இழுத்தது. வாசலில் கெத்து, "வேணாம், அசிங்கமாயிடும்!" என்று கத்தியது.

"ஆனா ஆகட்டும்!" என்று சிரிப்பின் முதுகில் தொற்றி வெளியே பாய்ந்தது இருமல்.

"லொக்! லொக் லொக் லொக்!"

மூன்று வாரத்து இருமல் மொத்தமும் வந்தது. மெய்யரசு தூணைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினான். அவ்வளவுதான், சொல்லிவைத்த மாதிரி ஜெரால்டு ஆரம்பித்தான். யாசர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். இருமலும் சிரிப்பும் கண்ணீருமாக மண்டபம் அதிர்ந்தது.

மூச்சு வந்ததும் மெய்யரசு சொன்னான், "எனக்கு முதல் நாள்லேர்ந்தே பிடிக்கலைடா. நீங்க ரெண்டு பேரும் ஆசையா பிடிக்கிறீங்களேன்னு..."

"அடப்பாவி! நீ ஆசைப்படுறேன்னுதான்டா எங்க அண்ணன் சட்டையைப் போட்டுக்கிட்டு, பெரிய ஆளு மாதிரி நான் கடைக்குப் போய் வாங்கிட்டு வரேன்!" என்றான் ஜெரால்டு.

"நான் எங்கடா ஆசைப்பட்டேன்? அன்னிக்குக் கடையில யாசர் சிகரெட் அட்டையையே வெறிச்சுப் பாத்துட்டு நின்னான். சரி, அவனுக்காகத்தான் 'ஒரு தடவை பாக்கலாமாடா'ன்னு கேட்டேன்."

இருவரும் யாசரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் எப்படா சிகரெட்டைப் பாத்தேன்?" என்றான் யாசர் பரிதாபமாக. "அதுக்குப் பின்னால கடலை மிட்டாய் ஜாடி இருந்துச்சுடா!"

மறுபடி சிரிப்பு, மறுபடி இருமல். பாதி சிகரெட் மழைத் தண்ணீரில் மிதந்து போனது. மூவரும் கடலை மிட்டாய் வாங்க ஓடினார்கள்.

கெத்துதான் மூலையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "இனிமே எனக்கு இங்க என்ன மரியாதை? நான் கிளம்பறேன்" என்றது.

"இருப்பா. உனக்கு ஒரு வேலை வரும்" என்றது இருமல்.

அடுத்த வாரமே வந்தது. பேருந்து நிறுத்தத்தில் நாலைந்து பையன்களுக்கு நடுவில் லோகு அண்ணன் நின்றிருந்தான். "டேய் மெய்யரசு! வாடா, ஒரு இழுப்பு இழு" என்று நீட்டினான். எல்லாரும் மெய்யரசுவையே பார்த்தார்கள். அவன் கை லேசாக எழுந்தது.

உள்ளே கெத்து பதறியது. "இத்தனை பேர் பாக்குறாங்க. இப்ப என்ன செய்யறது?" முதல்முறையாக அது இருமலைக் கேட்டது.

"கதவைத் திற. நிமிர்ந்து நில்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

கெத்து எழுந்து காலரைச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தது.

"வேணாம்ணே. எனக்கு இருமும்" என்றான் மெய்யரசு, தலையைக் குனியாமல்.

"இருமுமா!" லோகு அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன், கடைசியில் லேசாக, "லொக்" என்றான். இது எங்கிருந்து வந்தது என்று புரியாமல் தொண்டையைத் தடவிக்கொண்டான்.

ஒரு வருடமாக உள்ளே படுத்துக் கிடந்த ஒருவன், "யாருடா என்னைக் கூப்பிட்டது?" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.