வைக்காத கடிகாரம்

மலையடிவார மடத்தில் மதியச் சோற்றுக்கு வரிசை நீண்டுகொண்டே போனது. சோறு தயாராக இருந்தது. பரிமாறுபவர்களும் தயாராக நின்றார்கள். டோக்கன்தான் வெளியே வர நேரமானது.

டோக்கன் தருவது ஒரு கம்ப்யூட்டர். அதில் ஓடும் புரோகிராமை குரு செங்கமலம் அம்மாளும் சீடர்களும் பகுதி பகுதியாக எழுதியிருந்தார்கள். வந்தவர் ரேகை பார்க்கும் கருவியில் விரலை வைப்பார். ஒரு பகுதி அடுத்த பகுதியை அழைக்கும். கடைசியில் பூவாத்தாள் எழுதிய பகுதி இடம் ஒதுக்கி டோக்கனை அச்சடிக்கும். தரையில் உட்கார முடியாதவர்கள் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் பெஞ்சு கொடுப்பதும் அதுதான்.

பூவாத்தாள் குருவை விட வயதில் மூத்தவள். மடத்துக்கு வந்தது மட்டும் எல்லாருக்கும் பிறகு.

தலைமைச் சீடன் தணிகாசலம், புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதில் நேரம் குறிக்கும் வரிகளைக் கடிகாரங்களாக வைத்தான். கடிகாரம் வைத்த ஒவ்வொரு பகுதியும் தான் தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும் திரையில் எழுதியது.

பார்த்துவிட்டுப் பூவாத்தாளிடம் சொன்னான்.

"மத்ததெல்லாம் சட்டுனு முடியுது. உங்க பகுதிதான் இழுக்குது அக்கா. நாளையிலிருந்து பெஞ்சு ஒதுக்கறது வேண்டாம். எல்லாரும் தரையிலேயே உட்காரட்டும்."

"போன மாசம், பெஞ்சு வர்றதுக்கு முன்னால, எந்திரிக்க முடியாம ஒரு பெரியவரு இலை மேலயே விழுந்தாரே, மறந்துட்டீங்களா தம்பி?"

"மறக்கல. ஆனா திரை பொய் சொல்லுமா?"

"சொல்லாதுங்க. கேக்காததையும் சொல்லாது."

பூவாத்தாள் நேராகக் குருவிடம் போனாள். அவர் அரிவாள்மனையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, டோக்கன் அடிக்கறதுக்கு முன்னால என் பகுதி உங்க பகுதியைக் கூப்பிடுது. டோக்கன்ல போடற வரவேற்பை வாங்கறதுக்கு. நீங்க பதில் சொல்ற வரைக்கும் அது கையைக் கட்டிட்டு நிக்குதுங்க. தம்பி எல்லார் பகுதியிலயும் கடிகாரம் வச்சாரு. உங்க பகுதியில வைக்கல. நீங்க எடுத்துக்கற நேரமும் என் தலையிலதான் விழுது."

தணிகாசலம் பின்னாலேயே ஓடி வந்தான்.

"குரு எழுதினதுல கை வைக்கறது அபசாரம்!"

"சனங்க வெயில்ல நிக்கறாங்களே, அது புண்ணியமுங்களா?"

குரு நிமிர்ந்து பார்த்தார்.

"என்கிட்ட அனுமதி கேக்கறீங்களா, பூவாத்தா?"

"கேக்கலீங்க சாமி. சொல்லிட்டுப் போறனுங்க."

போய்விட்டாள்.

குரு அரிவாள்மனையைச் சாய்த்து வைத்தார். எழுந்து போய் வரிசையின் கடைசியில் நின்றார்.

"தாயி, நீங்க முன்னால போங்க" என்றார் ஒருவர்.

"இருக்கட்டும்."

தரை கொதித்தது. குரு காலை மாற்றி மாற்றி வைத்தார். அவர் முறை வந்தபோது பூவாத்தாள் குருவின் பகுதியிலும் கடிகாரத்தை வைத்து முடித்திருந்தாள்.

குரு விரலை வைத்தார். பூவாத்தாளின் பகுதி குருவின் பகுதியை அழைத்தது. அது தொடங்கிய நேரம் திரையில் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

"என்ன தாயி, மெஷினு தூங்கிருச்சா?" என்றார் பின்னால் நின்ற லாரி டிரைவர்.

ஒருவழியாகக் குருவின் பகுதி பதில் சொன்னது. மறுகணமே டோக்கன் விழுந்தது. 'மறுபடி வந்தீர்கள், மகிழ்ச்சி' என்று அதில் இருந்தது.

தணிகாசலம் திரையைப் பார்த்தான். போன நேரமெல்லாம் குருவின் பகுதிக்கு நேராக நின்றது. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"உள்ள அது என்னதான் பண்ணுதுங்க சாமி?" என்றாள் பூவாத்தாள்.

"இதுவரைக்கும் இங்க சாப்பிட்டவங்க விரலையெல்லாம் முதல்லேர்ந்து பார்க்குது. வந்தவர் பழையவரா, புதியவரான்னு. மடம் தொடங்கினப்ப எழுதினது. அப்ப ஒரு பந்தி கூட நிறையாது."

"பசிச்சு நிக்கறவரு பழசா இருந்தா என்ன, புதுசா இருந்தா என்னங்க?"

"அப்படிக் கேளு ஆத்தா!" என்றார் டிரைவர். "சோத்தைப் போடுங்க, மகிழ்ச்சி தானா வரும்."

வரிசை சிரித்தது. குரு உட்கார்ந்து, தேடும் வரிகளை அழித்தார். எல்லாருக்கும் 'வாங்க' என்று மட்டும் எழுதினார்.

வரிசை நகர்ந்தது. கைத்தடியோடு வந்த ஒரு கிழவருக்கு பெஞ்சு டோக்கன் விழுந்தது.

தணிகாசலம் தயங்கியபடி கேட்டான்.

"கடிகாரங்களை எடுத்துடலாமா குருவே?"

"மத்தவங்க பகுதியிலிருந்து எடுத்துடு. என்னுதுல இருக்கட்டும்."