கோணக்குளத்தில் கூட்டணி ஆட்சி நடந்த விதம்

உலகத்தில் புத்தியை அளந்து ஊற்றிய அன்றைக்குக் கோணக்குளத்துக்காரர்களும் வரிசையில் நின்றார்கள். வரிசையின் வால்பக்கம்தான் நல்ல சரக்கு இருக்கும் என்று எல்லாரும் திரும்பி நின்றுகொண்டதால், கடைசிவரை யாருக்கும் ஒரு சொட்டும் கிடைக்கவில்லை.

அந்த ஊரில் பொதுவுக்கு எது வந்தாலும் கூறு போட்டுவிடுவார்கள். ஆட்டுக்கறி என்றால் சரி. ஒரு தடவை ஒரு குடை வந்தது. அதையும் நாற்பத்தொரு கூறாக வெட்டி, மழை பெய்தபோது ஆளுக்கொரு துண்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். நனைந்தார்கள்தான். ஆனாலும் ஒருத்தருக்கொருத்தர் குறைவில்லாமல் நனைந்தார்கள்.

இப்பேர்ப்பட்ட ஊருக்குத் தேர்தல் அதிகாரி ஒருவர் வந்தார். "மேற்படி கிராமத்தில் ஜெயித்தவரே அனைத்தையும் எடுத்துக்கொள்ளும் பழக்கம் இன்றோடு ரத்து. வாங்கிய ஓட்டுக்குத் தக்கபடி ஒவ்வொரு கட்சிக்கும் ஆட்சியில் பங்கு உண்டு. பாதிக்கு மேல் ஆதரவு சேர்த்தவர் தலைவர்" என்று மூக்கால் படித்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

நாற்பத்தொரு ஓட்டில் உச்சிமாகாளிக்கு இருபது விழுந்தது. கொம்பையாவுக்குப் பத்தொன்பது. மிச்சம் இரண்டும் வண்டிமலையானுக்கு. ஒன்று அவர் போட்டது. இன்னொன்று அவர் பெண்டாட்டி செல்லக்கனி போட்டது. அவருடைய கட்சியின் பெயர் சேவல் ஒழிப்புப் பேரியக்கம். பக்கத்து வீட்டுச் சேவல் விடியுமுன்னே கூவுகிறது, அதை ஒழிக்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு கொள்கை கிடையாது.

உச்சிமாகாளிக்கு ஒரே சந்தோஷம். ஆட்சியில் பங்கு என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கே ஆட்சியைக் கூறு போட்டார்கள். பஞ்சாயத்துக் கட்டடத்தின் கதவைக் கழற்றி உச்சிமாகாளி வீட்டுக்குக் கொண்டுபோனார். பூட்டு கொம்பையாவுக்கு. சாவி வண்டிமலையானுக்கு. மறுநாள் முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள், கதவில்லாத வாசலுக்கு வெளியே, வண்டிமலையான் சாவியோடு வரும்வரை வெயிலில் நின்றார்கள்.

குளத்து மடைக்கும் அதே கதிதான். மடைப்பலகையைத் தூக்க, கரையில் நட்ட ஒரு இரும்புத் தண்டு உண்டு. அதன் தலையில் ஒரு சக்கரம். சக்கரம் வழுக்காமல் தண்டோடு சேர்ந்து சுற்ற, இரண்டையும் துளைத்துக்கொண்டு சுண்டுவிரல் நீளத்தில் ஒரு ஆணி. பெரிய கட்சிக்குப் பெரிய சாமான் என்று சக்கரத்தை உச்சிமாகாளி உருட்டிக்கொண்டு போனார். தண்டைப் பிடுங்க முடியாததால் கொம்பையா அதன்மேல் தன் வேட்டியைக் காயப்போட்டு உரிமை கொண்டாடினார். ஆணியை வண்டிமலையான் இடுப்பில் செருகிக்கொண்டார்.

அப்புறம் மழை பிடித்தது. நாலு நாள் விடாமல் கொட்டியதில் குளம் கழுத்துவரை ரொம்பிவிட்டது. கரையின் அடியில் ஊற்றுப் போலத் தண்ணீர் கசிந்தது. கரைக்கு நேர் கீழேதான் உச்சிமாகாளியின் வயல். முழுக்கப் பழுத்த நெல். மூன்று நாளில் அறுப்பு. அந்த வீட்டுக்கு வருஷம் முழுக்க அதுதான் சோறு. மடையைத் திறந்தால் வயல் பிழைக்கும். கரை உடைந்தால் வயலும் இல்லை, சோறும் இல்லை. இந்த அளவுக்கு உச்சிமாகாளிக்கே புரிந்துவிட்டது என்றால் ஆபத்து எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சக்கரத்தை உருட்டிக்கொண்டு வண்டிமலையான் வீட்டுக்கு ஓடினார். வண்டிமலையான் கட்டிலில் படுத்தபடியே, ஆணியும் ஆதரவும் தரலாம், ஆனால் முதலில் கொள்கை என்றார். தான் எழுந்திரிக்கும் முன்னால் ஊரில் ஒரு சேவலும் கூவக் கூடாது.

அன்று சாயங்காலமே அரசாணை போட்டு எல்லாச் சேவலுக்கும் வாழைநாரால் வாயைக் கட்டினார்கள். கோணக்குளத்தில் சேவல் கூவாமல் யாரும் எழுந்து பழக்கமில்லை. மறுநாள் மத்தியானம்வரை ஊரே குறட்டை விட்டது. பசி தாங்காமல் ஒரு மாடு கத்தியபோதுதான் அரசாங்கம் கண் விழித்தது. அதற்குள் கசிவு வாய்க்கால் ஆகியிருந்தது.

இதற்கிடையில் கொம்பையாவும் சும்மா இருக்கவில்லை. மடை திறப்பதில் அவருக்கு விரோதம் ஒன்றுமில்லை. அதை உச்சிமாகாளி திறந்துவிடக் கூடாது என்பதுதான். இருமி, தொண்டையைச் சரிசெய்து, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு வெற்றிலை போடுகிற நேரம் விட்டுப் பேசுகிற ஆள் அவர். வண்டிமலையானுக்குத் துணைத்தலைவர் பதவி தருவதாக அவர் பேசி முடிப்பதற்குள், உச்சிமாகாளி அதையே வேகமாகச் சொல்லிவிட்டார். உடனே கொம்பையா முதல் துணைத்தலைவர் என்றார். உச்சிமாகாளி, தலைவருக்கும் மேலான துணைத்தலைவர் என்றார். வண்டிமலையான் எழுந்ததும் இந்தப் பக்கம், சாப்பிட்டதும் அந்தப் பக்கம், பலகார வாசம் எங்கே வருகிறதோ சாயங்காலம் அந்தப் பக்கம் என்று இருந்தார். ஒரே நாளில் மூன்று ஆட்சி வந்து போனது. ஒவ்வொன்றுக்கும் மேளம் வேறு.

கடைசியில் அவர் ஆணியை எடுத்து உச்சிமாகாளி கையில் வைக்கப்போன சமயத்தில், செல்லக்கனி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"நில்லும். உமக்குத் தலைவருக்கும் மேலான பதவி. எனக்கு உம்ம வேட்டியைத் துவைக்கிற பதவியா?"

"கட்சி முடிவு பண்ணிட்டுது, கனி."

"கட்சியில பாதி நான். நான் முடிவு பண்ணலையே."

பத்து நிமிஷத்தில் பேரியக்கம் உடைந்தது. உடைந்தால் கூறு போட வேண்டுமே. ஆளுக்கு ஒரு ஓட்டு, ஆளுக்குப் பாதி ஆணி. ஆசாரி ரம்பம் கொண்டுவந்து நடுவில் அறுத்துக் கொடுத்தார்.

உச்சிமாகாளி விரல் விட்டு எண்ணினார். இருபதும் ஒன்றும் இருபத்தொன்று. அடடே, இனிமேல் இவர்களில் ஒருத்தர் போதுமே. செல்லக்கனியை மடை மந்திரி ஆக்கி, அவளுடைய அரை ஆணியை வாங்கிக்கொண்டு கரைக்கு ஓடினார். கொம்பையாவின் வேட்டியை மரியாதையாக மடித்துக் கொடுத்துவிட்டு, தண்டின் தலையில் சக்கரத்தை மாட்டினார். அரை ஆணி சக்கரத்தின் துளைக்குள் போனது. தண்டைத் தொடவே இல்லை.

சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளினார். விர்ரென்று சுற்றியது.

"என்ன லேசா சுத்துது பார்த்தீரா?" என்றார் உச்சிமாகாளி.

"நிலையான ஆட்சின்னா அப்படித்தான் அண்ணாச்சி இருக்கும்" என்றாள் செல்லக்கனி.

ஊர் கைதட்டியது. தட்டத் தட்ட அவர் இன்னும் வேகமாகச் சுற்றினார். மடைப்பலகை இருந்த இடத்திலேயே இருந்தது. இருபது அடி தள்ளிக் கரை பிளந்து, குளம் முழுவதும் அவருடைய வயல் வழியாகப் போனது. அவர் சுற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது நெல் இல்லை, வரப்பு இல்லை, வயல் எது என்று காட்ட ஒரு அடையாளமும் இல்லை. உச்சிமாகாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி போன வேகத்தைப் பார்த்தா மடை நல்லாத்தான் திறந்திருக்கு" என்றார்.

கொம்பையா இல்லை என்றார். மடை திறக்கவில்லை, அதனால்தான் கரை உடைந்தது என்று இருமி இருமி நிரூபித்தார். எல்லாருக்கும் ரோஷம் வந்தது. இனிப் பிரிந்து கிடக்கக் கூடாது, நாற்பத்தொரு பேரும் ஒரே ஆட்சி என்று முடிவாயிற்று. ஆசாரி ஆணியை ஒட்டவைத்தார். வற்றிப்போன குளத்தின் கரையில் பந்தல் போட்டு, மடையை முறைப்படி திறந்தார்கள். பலகை அழகாக மேலே வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

உச்சிமாகாளி குனிந்து மடைக்குள் எட்டிப் பார்த்தார். இருட்டில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.

"உள்ள ஒருத்தர் இருக்காரு" என்றார்.

"எத்தனை பேருவே?" என்று கேட்டார் கொம்பையா.

"ஒருத்தர்தான்."

கொம்பையா பெருமூச்சு விட்டார். "ஒருத்தர்னா பெரிய கட்சிதான். தண்ணியை அவருதான் பிடிச்சு வச்சிருக்காரு."

அனுபவசாலியான வண்டிமலையான் முன்னால் வந்தார். "அவசரப்படாதீங்க. முதல்ல வாயைத் திறக்க மாட்டாரு. நானும் அப்படித்தான் இருந்தேன்."

சொன்னபடியே தவளை ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஒரு சத்தம் போட்டது. நிபந்தனை என்ன என்று யாருக்கும் விளங்கவில்லை, விளங்காமலே ஏற்றுக்கொண்டார்கள். நீர்வளத்துறை கொடுத்தார்கள். மாலை போட்டார்கள், அது மாலைக்குள் மறைந்துபோனது.

மறுநாள் காலையில் மந்திரியைக் காணவில்லை. தேடிப் பார்த்தால் கொம்பையா வீட்டுக் கிணற்றில் நீந்திக்கொண்டிருந்தார். நாற்பத்தொரு பேரில் நாற்பத்தொரு பேரும் ஆதரவாக இருக்கும்போதே ஆட்சி கவிழ்ந்துவிட்டதாகத் தண்டோரா போட்டார்கள், ஊரே அழுதது. உச்சிமாகாளி மட்டும் மனம் தளரவில்லை. இன்னொரு மாலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கிணற்றுக் கயிற்றைப் பிடித்து உள்ளே இறங்கினார். துணைத்தலைவர் பதவி தருவதாகச் சொல்லியும் தவளை இன்னும் சம்மதிக்கவில்லையாம்.